மாமனாருக்கு மீசை கிடையாது

பேனரில் இருந்தவருக்கு மீசை இருந்தது. என் மாமனாருக்கு மீசை கிடையாது.

அவருடைய நினைவுக் கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். கழுத்துக்கு மேலே அவர். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு அதிகாரி. மார்பு நிறையப் பதக்கம், கையில் துப்பாக்கி. இரண்டும் ஒட்டிய இடத்தில் தோலின் நிறம் மாறியது. மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட மீசை, கன்னத்தின் பாதி வரை. பின்னால் தீ, ஒரு பீரங்கி. எல்லாவற்றுக்கும் மேலே சிறகை விரித்த கழுகு. கழுகு, என் மைத்துனன் நடத்தும் காவலாளி நிறுவனத்தின் முத்திரை.

என் மகளுக்கு ஏழு வயது. அண்ணாந்து பார்த்தாள்.

“இது யாருப்பா?”

“தாத்தா.”

“தாத்தா இல்ல.”

வாசலில் நின்ற காவலாளி குனிந்து, “உங்க தாத்தாதான் பாப்பா. பெரிய வீரர்” என்றார். பேனரில் எழுதியிருந்ததைத்தான் சொன்னார். அவர் போட்டிருந்த சட்டை அவருக்குத் தைத்ததல்ல. சட்டையின் கை அவர் விரல் நுனி வரை தொங்கியது. வேறு யாருடைய வியர்வையோ அக்குளில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. நாற்காலிகளை நிரப்புவதற்காக எல்லாக் காவலாளிகளையும் சீருடையில் வரச் சொல்லியிருந்தான் மைத்துனன். இரவு வேலை முடித்து நேராக வந்தவர்கள் பின்வரிசையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனன் எங்களைப் பார்த்து ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் அவன் வாசனைத் திரவியம் வந்தது.

“எப்படி அத்தான் பேனர்?”

“மீசை எதுக்கு?”

“மீசை இல்லாத மிலிட்டரிய எவன் நம்புவான்? வழிச்ச மூஞ்சியோட போட்டா பேங்க் கிளார்க் மாதிரி இருக்காரு. டிசைன் பண்றவன்கிட்ட பத்து மீசை இருந்துச்சு. இதுதான் அப்பாவுக்குப் பொருந்துச்சு.” என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். “பேப்பர் இருக்கில்ல?”

இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போன காகிதம் அது. என் மனைவி இறந்த பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தது அன்றுதான். மேசையில் இருந்த அவள் படத்தின் மேல் ஒற்றை விரலை வைத்துத் தேய்த்தான். விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தான். சோபா உறையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்தான்.

“நீங்க யோசிச்செல்லாம் பேச வேணாம் அத்தான். இதப் பாத்துப் படிச்சாப் போதும்.”

படித்துப் பார்த்தேன். முகாமுக்குச் செய்தி வருகிறது: குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது, பிழைப்பது சந்தேகம். அதிகாரி தானே விடுப்பு தருகிறார். மாமனார் மறுக்கிறார். ‘முதலில் என் நாடு, பிறகுதான் என் மகள்’ என்கிறார். அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். அதன் கீழே, ‘கைதட்டலுக்கு நிறுத்தவும்.’

“தலைகீழா இருக்கு” என்றேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நான் ஆளுங்களக் காவலுக்கு அனுப்பறவன் அத்தான். கேக்கறவன் என்ன கேப்பான்? உங்க ஆளு நின்ன எடத்த விட்டு நகராம நிப்பானான்னு கேப்பான். எங்கப்பாவே காவல விட்டு ஓடி வந்தவருன்னு நான் போய்ச் சொல்லவா? கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.”

“அப்ப நீயே படி.”

“நான் படிச்சா அது விளம்பரம். நீங்க படிச்சா அஞ்சலி. சின்ன வயசுலயே பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன், பக்கத்துல தாயில்லாக் கொழந்த. நீங்க வாயே தெறக்க வேணாம், உங்க மூஞ்சி ஒண்ணு போதும்.”

என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

சிமென்ட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பது என் வேலை. எவ்வளவு எடையில் விரிசல் விடும் என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு வருடமாக அந்த வேலை எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. யாரும் பேச வேண்டியதில்லை. அன்றும் நான் அதிகம் பேசவில்லை. வர மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மகள் தாத்தாவுக்கு சல்யூட் வைக்கப்போவதாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது முன்வரிசையில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை. ஆட்டவும் இல்லை.

“அப்பா.”

“ம்.”

“மாமா ஃபோன்ல ஒண்ணு சொன்னாரு. மேடையில சல்யூட் வைக்கறப்ப ஞாபகம் வச்சுக்கன்னு.”

“என்ன சொன்னாரு?”

“அம்மா குட்டிப் பாப்பாவா இருந்தப்ப செத்துப் போற மாதிரி இருந்தாங்களாம். தாத்தாவக் கூப்பிட்டாங்களாம். தாத்தா வர மாட்டேன்னு சொல்லிட்டாராம். அதனாலதான் அவரு வீரராம்.”

என் கை சட்டைப் பையில் இருந்த காகிதத்துக்குப் போயிற்று.

“அப்புறம் அம்மா நெஜமாவே செத்துப் போனப்பவும் தாத்தா வரலையாப்பா?”

ஆஸ்பத்திரியில் குழந்தைகளை உள்ளே விடவில்லை. கடைசி மாதங்களில் மகள் பக்கத்து வீட்டில் இருந்தாள். உள்ளே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்த ஆட்களில் மாமனாரும் போய்விட்டார். மிச்சம் நான்தான்.

பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி அலறியது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பேச எழுந்துவிட்டார். மைத்துனனின் பெரிய வாடிக்கையாளர் அவர். மாமனாரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மேடையிலும் மாட்டியிருந்த அதே படத்தைக் காட்டி, “அந்தப் புலியின் மீசையைப் பாருங்கள்” என்று ஆரம்பித்தார்.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

மீசை கதையை மாமனார் எங்கள் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அவருக்கு நிஜமாகவே ஒரு காலத்தில் பெரிய மீசை இருந்தது. முகாமில் அதற்குத் தனி மரியாதை. என் மனைவிக்கு அப்போது இரண்டு வயது. தொண்டையில் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முகாமுக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. அதிகாரி விடுப்பு தர மறுத்தார். “நீ போய் என்ன வைத்தியமா பாக்கப் போற?” என்று கேட்டாராம். மாமனார் சல்யூட் வைத்தார். காவலுக்குப் போய் நின்றார். பொழுது விடிந்து காய்கறி லாரி வந்தது. துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்து, “கொஞ்சம் புடி, வந்துடறேன்” என்றவர், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏற்றிவிட்டவர் முகாமின் சமையல்காரர்.

ஆஸ்பத்திரியில் குழந்தை அவரை அடையாளம் கண்டுகொண்டது. கையை நீட்டியது. தூக்கி முத்தம் கொடுத்தார். மீசை குத்திவிட்டது. காய்ச்சலில் அனலாய்க் கொதித்த தோல். வீரிட்டு அழுது, அவர் முகத்தைக் கையால் தள்ளியது.

எதிரே ஒரு சலூன். அங்கிருந்தவர் இவ்வளவு அழகான மீசையில் கத்தி வைக்க மாட்டேன் என்றாராம். மாமனார் கத்தியை வாங்கித் தானே வழித்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்கப்புறம் குழந்தை அவர் தோளை விட்டு இறங்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு முகாமுக்குப் போய் நின்றார். சட்டைக் கையில் தைத்திருந்த இரண்டு பதவிப் பட்டையையும் பிடுங்கினார்கள். அடைத்து வைத்தார்கள். அப்புறம் கக்கூஸ் குழி வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். “ஓடிப் போனதுக்கு ஒருத்தனும் சிரிக்கல மாப்பிள்ள. மீசை போனதுக்குத்தான் முகாமே சிரிச்சுது” என்பார். “பட்டை போனா இன்னொரு பட்டை. என் மேஜர் போயிருந்தா?”

மகளைத்தான் மேஜர் என்று கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு அவர் மீசை வைக்கவே இல்லை. மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், என்னைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும், தினம் காலையில் முதல் வேலை சவரம்தான். ராணுவத்தில் கொடுத்த சாப்பாட்டு டப்பாவில் வெந்நீர் ஊற்றி, சோப்பைக் குழைத்து. அவளுக்கு உடம்பு முடியாமல் போனதும் அந்த டப்பாவை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார். மருந்தில் அவள் தோல் காகிதம்போல ஆகிவிட்டது. தொட்டால் கன்றிப்போகும். மாமனார் வார்டுக் குளியலறையில் காலையிலும் சவரம் செய்வார், சாயங்காலமும் செய்வார். புறங்கையால் கன்னத்தைத் தேய்த்துச் சரி பார்ப்பார். அப்புறம் கதவருகே வந்து விறைப்பாக நின்று, “உள்ள வரலாமா மேஜர்?” என்பார். அவள் கண்ணால் உத்தரவு கொடுப்பாள். குனிந்து நெற்றியில் கன்னத்தை வைப்பார். வாந்தி எடுத்தால் கையில் ஏந்துவார். படுக்கையை நனைத்தால், “இதுக்கெல்லாம் நான் பயிற்சி எடுத்தவன், குழி வெட்டின ஆளு” என்று சொல்லிக்கொண்டே துணி மாற்றுவார். அவளுக்குச் சிரிக்கத் தெம்பிருந்த நாட்களில் சிரித்தாள்.

மைத்துனன் இரண்டு தடவை வந்தான். மூக்கில் கைக்குட்டை.

அவள் போன பிறகு மாமனார் சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். முகத்தில் வெள்ளை முள் முளைத்தது. பேத்தியை மட்டும் தூரத்தில் நிறுத்தித் தலையைத் தடவிக்கொடுப்பார். அப்படியே கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார்.

சாப்பாட்டு டப்பா என் வீட்டில் இருக்கிறது. மகள் அதில் வண்ணப் பென்சில் போட்டுவைத்திருக்கிறாள். மண்டபத்தில் காட்சிக்கு வைக்க ஏதாவது பொருள் வேண்டும் என்று மைத்துனன் கேட்டபோது அதை எடுத்துக் காட்டினேன். “ஐய, அடியெல்லாம் கறுத்துப் போய், அசிங்கமா இருக்கு” என்றான். இப்போது மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு வாள் இருந்தது. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும்.

சங்கத் தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் முகாமின் பழைய சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். மாமனாரின் ஒரே சிநேகிதர். காபியில் பிஸ்கட்டை முக்கி, அது உடைந்து விழுந்துவிட, விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

“யாருய்யா இந்த ஆளு?” என்று என்னிடம் கேட்டார். காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

“சங்கத் தலைவர்.”

“அவன் யாரப் பத்திப் பேசறான்?”

“மாமாவப் பத்தி.”

“எந்த மாமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைத்துனன் திரும்பி முறைத்தான். சிரிப்பு நின்றது. சமையல்காரர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “துப்பாக்கியப் புடிச்சிருக்கற கையப் பாருங்க. மோதிரம் போட்ட கை. அவன் ஜென்மத்துல மோதிரம் போட்டதில்ல” என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

மகளையும் மேடைக்கு அழைத்தான் மைத்துனன். மேடைப் படத்திலும் அதே மீசை. அதன் முன்னால் அவளை நிறுத்திவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தான். படம் பிடிப்பவர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அவள் சல்யூட் வைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். மடித்தேன். பையில் வைத்துக்கொண்டேன்.

“என் மாமனார் காவல விட்டு ஓடினவர்” என்றேன்.

மண்டபம் அப்படியே இருந்தது. தூங்கியவர்கள் தூங்கினார்கள். மைத்துனன் மட்டும் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான்.

“லீவு குடுக்கல. காய்கறி லாரில ஏறி வந்துட்டார். வந்து மகளத் தூக்கினார். மீசை குத்துச்சுன்னு அழுதா. போய் வழிச்சுட்டு வந்தார். திரும்பிப் போனதும் பட்டையப் பிடுங்கினாங்க. கக்கூஸ் குழி வெட்டச் சொன்னாங்க. வெட்டினார். அந்த மக என் பொண்டாட்டி.”

குரல் எனக்கே அறிக்கை வாசிப்பது மாதிரி கேட்டது. இத்தனை எடை, இங்கே விரிசல். மகளைப் பார்த்துத் திரும்பினேன். மிச்சத்தை அவளிடம்தான் சொன்னேன். ஒலிபெருக்கி அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

“ஆஸ்பத்திரில தாத்தா தெனமும் இருந்தார். அம்மா நெத்தியில குத்தக் கூடாதுன்னு ரெண்டு வேளையும் ஷேவ் பண்ணிட்டுத்தான் கிட்ட வருவார். கடைசி நாளும் இருந்தார். கையப் புடிச்சுக்கிட்டு இருந்தார்.”

அப்போது கீழே இருந்து சமையல்காரர், “மூட்டையச் சொல்லலையே” என்றார். எழுந்து நின்று பின்பக்கம் திரும்பிக் காவலாளிகளிடம் சொன்னார். “முட்டைக்கோஸ் மேல ஏறி ஒக்காந்து நசுக்கிட்டான்யா. கணக்குல கொறையுதுன்னு என்னத்தான் நிக்க வச்சுக் கேட்டாங்க. எலி தின்னுடுச்சுன்னு சொன்னேன். எவ்ளோ பெரிய எலின்னு கேட்டான் அதிகாரி.”

இந்தத் தடவை பின்வரிசை வாய்விட்டுச் சிரித்தது. தூங்கியவர்களும் எழுந்து என்ன என்று கேட்டுச் சிரித்தார்கள். மாமனாரின் கதைக்கு வர வேண்டிய சிரிப்பு அது. அந்த மண்டபத்தில் நான் கேட்ட ஒரே நல்ல சத்தமும் அதுதான். அது அடங்குவதற்குள் மைத்துனன் மேடையில் ஏறி மைக்கை வாங்கிக்கொண்டான்.

மைக்கை விரலால் தட்டிப் பார்த்தான்.

“கேட்டீங்களா? ராணுவமே தடுத்தும் நிக்காம பிள்ளைகிட்ட ஓடி வந்த மனுஷன். பட்டை போனாலும் பரவால்லன்னு வந்த மனுஷன். அந்தப் பாசத்தத்தான் நாங்க எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறோம். உங்க வீட்டுக் கொழந்தைய எங்க கொழந்தையா நெனச்சுக் காப்போம்.”

கைதட்டினார்கள். காகிதத்தில் எழுதியதற்குக் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனனின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. நடிப்பு என்று நினைத்து உற்றுப் பார்த்தேன். நிஜம். அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு காவலாளிக்கும் கைகொடுத்து அனுப்பினான். கடைசி ஆள் போனதும் சின்னப் புட்டியை எடுத்துக் கையில் கிருமி கொல்லும் மருந்து ஊற்றித் தேய்த்துக்கொண்டான். என்னிடம் வந்தான்.

“நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நெனைக்கல. ஆனா பரவால்ல அத்தான், நல்லாவே எடுபட்டுச்சு.” தேய்ப்பதை நிறுத்தினான். “ஒண்ணு சொல்லட்டா? எனக்காக அவரு எதையும் விட்டுட்டு ஓடி வந்ததில்ல. அக்காவுக்குத்தான்.”

“நீ பொறந்தப்ப அவர் ராணுவத்துலயே இல்ல. விட்டுட்டு வர என்ன இருந்துச்சு?”

“அதான் சொல்றேன்” என்றான்.

எனக்கு அவன்மேல் பாவம் தோன்றவில்லை. அவன் கையில் இருந்து மருந்து நெடி வந்தது. என் மனைவியின் வார்டிலும் அதே நெடிதான்.

வாசலில் பேனரைக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள், எடுத்துப் போக. தாத்தாவின் முகம் இப்போது அவள் உயரத்துக்கு இறங்கி வந்திருந்தது. மகள் என் கையை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

“மீசைய எடுக்க முடியாதாப்பா?”

“முடியாது. அச்சடிச்சுட்டாங்க.”

உள்ளங்கையை விரித்து மீசையின் மேல் வைத்தாள். சின்னக் கை. முழுக்க மறையவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள்.

“இப்பத் தாத்தா” என்றாள்.

இரண்டு கையும் மீசையில் இருந்ததால் சல்யூட் வைக்க முடியவில்லை. “உள்ள வரலாமா மேஜர்?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரிக் கதவருகே அவர் கேட்டதை அவள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வீட்டில் அவளுடைய அம்மா அறைக் கதவில் அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார். அங்கே அவள் காதில் விழுந்திருக்கும்.

பின்னால் கேமரா சத்தம் கேட்டது. திரும்பினேன். படம் பிடிப்பவர் அடுத்த கோணத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார். மைத்துனன் அவர் தோளில் கைவைத்துக் காதில் ஏதோ சொன்னான்.

அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பின் எல்லாக் கதவுகளிலும் கழுகு போட்ட விளம்பரத் தாள் செருகியிருந்தது. முதல் பக்கத்தில் என் மகள், அவள் தாத்தாவின் முகத்தைத் தொட்டபடி. கீழே, ‘பாசமே எங்கள் காவல்.’ பின்பக்கத்தில் தொலைபேசி எண்கள். மாடிப்படி முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. ஒன்றின் மேல் யாரோ துப்பியிருந்தார்கள்.

என் கதவில் இருந்ததை உள்ளே எடுத்துப் போனேன். படத்தில் அவள் கைகள் மீசையைச் சரியாக மூடியிருந்தன. மீசைக்கு மேலே அந்தக் கண்கள், கீழே அந்த முகவாய். மாமனாரைப் பார்த்தவர்கள் அவர் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே படம்.

கத்தரிக்கோலால் முகத்தையும் கைகளையும் மட்டும் வெட்டி எடுத்தேன். கழுகையும் பாசத்தையும் குப்பையில் போட்டேன். கையைக் கழுவினேன். மகள் அந்தத் துண்டைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒட்டி, ஓரம் தூக்காமல் இருக்கப் புறங்கையால் தேய்த்துச் சரி பார்த்தாள்.